சடத்தின் சாட்சி

போளூரிலிருந்து அத்திமூர் வழியாகவும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவும் காட்டைச் சுற்றிச் சுற்றி மேலேறும் சாலைகள் யாவும் வந்து கூடுமிடம் ஜமுனாமரத்தூர். ஜவ்வாதுமலையின் சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் பலாவும் கீழே இறங்குவதும், கீழ்நாட்டின் சிமெண்டும் உரமும் கம்பியும் மேலே ஏறுவதும் இவ்வழிகளில்தான். இவற்றைச் சுமந்து வரும் லாரிகளில் இப்பொழுதெல்லாம் பலவற்றில், ஓட்டுநரின் முழங்காலுக்கு நேரே டேஷ்போர்டின் அடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி மறைவாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே முருகன் படம். படத்துக்கு முன்னே காலையில் ஏற்றிய ஊதுபத்தியின் சாம்பல். வண்டியின் முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு. வழிபாடெல்லாம் படத்துக்கு நடக்கிறது. ஆனால் வண்டிக்காரர்களோடு சற்றுப் பழகினால், அவர்கள் உள்ளூர அஞ்சுவது படத்துக்கா பெட்டிக்கா என்பதில் நமக்குச் சந்தேகம் வந்துவிடும். வண்டி எங்கே நின்றது, எத்தனை நேரம் நின்றது, எந்த வளைவில் என்ன வேகத்தில் இறங்கியது என்பதையெல்லாம் அந்தப் பெட்டி எழுதிக்கொண்டே வருகிறது. விபத்து ஒன்று நேர்ந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புலனாய்வாளர் வந்து நிற்கும் நாளில், ஓட்டுநர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய கதையை அது சொல்லி முடித்திருக்கும்.

மனிதன் செய்ததை மனிதனல்லாத ஒன்று எழுதி வைக்குமானால், அவ்வெழுத்து அவன் செய்கைக்குச் சாட்சியாகுமா. ஆகுமென்றே கொண்டாலும், சாட்சியம் முடிந்த இடத்திலேயே தீர்ப்பும் முடிந்துவிடுமா என்பது பார்வைக்கு வக்கீல்களின் கேள்வியாகத் தோன்றலாம். வினைக்கும் அதன் பயனுக்கும் நடுவே நிற்பது எது என்று நம் சமயவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்த கேள்வியே, எண்ணெய்ப் பிசுக்கும் டீசல் வாடையும் ஏறி, மறுபடியும் நம் முன் வந்து நிற்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

இந்தப் பெட்டிக் கணக்கு முழு வளர்ச்சி பெற்ற நாடு அமெரிக்கா. அங்கே லாரி ஓட்டுநர்கள் தம் வேலை நேரத்தைத் தம் கையாலேயே காகிதத்தில் கோடிட்டு எழுதிவரும் வழக்கம் 1930களின் இறுதியிலிருந்து இருந்தது. எழுதுகிறவனும் அவனே, எழுதப்படுகிறவனும் அவனே என்னும்போது அவ்வெழுத்தின் யோக்கியதை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர்களே அதைச் சித்திரக்கதைப் புத்தகம் என்று கேலி செய்தார்கள். 2012இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தைப் பின்பற்றி, 2017 டிசம்பர் 18 முதல் எஞ்சினோடு நேரே பிணைக்கப்பட்ட மின்னணுப் பதிவேடு கட்டாயமாயிற்று. வண்டி மணிக்கு ஐந்து மைல் வேகத்தைத் தொட்டால், ஓட்டுநர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அது தானே எழுதிக்கொள்ளும். பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் வேலையில் இறங்கியவர் அடுத்த பதினான்கு மணி நேரத்துக்குள் பதினொரு மணி நேரம் மட்டுமே ஓட்டலாம் என்பது விதி. பதிவில் திருத்தம் செய்யலாம். ஆனால் திருத்தத்தின் அடியில் மூலம் அழியாமல் கிடக்கும். இந்தக் கணக்கை லாரிக் கம்பெனிகள் ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்பதால், விபத்தில் அடிபட்டவர்களின் வக்கீல்கள் அங்கே முதலில் செய்யும் காரியம், பதிவை அழிக்காதே என்று கடிதம் அனுப்புவதுதான். பன்னிரண்டாவது மணி நேரத்தில் ஓட்டினார் என்று அப்பதிவு காட்டிவிட்டால், களைப்பு, கவனக்குறைவு, கம்பெனியின் பொறுப்பு, நஷ்டஈடு என்று வாதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடக்கும்.

அந்தப் பதிவேட்டில் ஒரு மனிதனின் நாள் முழுவதும் நான்கே நிலைகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது: ஓட்டுதல், ஓட்டாமல் வேலையில் இருத்தல், வேலையில் இல்லாதிருத்தல், வண்டிக்குள்ளேயே உள்ள படுக்கையில் இருத்தல். மாண்டூக்ய உபநிஷத்தும் ஜீவனின் வாழ்வை நான்காகப் பகுத்தது என்பது எனக்கு நினைவு வந்து சிரிப்பும் வந்தது. ஆனால் ஜாக்கிரம், சொப்பனம், சுஷுப்தி என்ற மூன்றையும் கடந்த நான்காவதாக அந்த ரிஷி கண்டது துரியம்; வாஷிங்டன் அதிகாரிகள் நான்காவதாகக் கண்டது லாரிப் படுக்கை. பரிகாசத்தை விட்டு யோசித்தாலும் ஒரு விஷயம் நிற்கிறது. படுக்கையில் இருந்தான் என்று எழுதத் தெரிந்த பெட்டிக்கு, உறங்கினான் என்று எழுதத் தெரியாது. வீட்டில் காய்ச்சலோடு விட்டுவந்த குழந்தையை நினைத்துக்கொண்டு பத்து மணி நேரமும் புரண்டு கிடந்தவனும், அடித்துப்போட்டாற்போல் தூங்கி எழுந்தவனும் அதன் கணக்கில் ஒன்றே.

நம் நாட்டில் இத்தகைய பதிவேடு லாரிகளுக்கு இன்னும் கட்டாயமில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரையறுத்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும் என்றும் கூறியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துப் பிழைக்கும் முதலாளிகளே மிகுந்த தொழிலில் அந்த ஐந்து என்ற எண் எத்தனை பேரைத் தப்பவிட்டிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் ஓட்டுநரைக் கேட்டால், எட்டு மணி நேரத்தை அவர் ஒரு வேளை ஓட்டமாகவே எண்ணுகிறார். ஆயினும் பதிவேடு என்ற பெயரில்லாமலே பதிவுகள் பெருகிவிட்டன. பயணிகள் வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி விதிப்படி வந்தது. சரக்கு லாரிகளுக்கு முதலாளிகளே ஜிபிஎஸ் பொருத்துகிறார்கள். 2018 முதல் இ-வே பில் சரக்கின் பயணத்தை எழுதுகிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானது முதல் ஒவ்வொரு டோல்கேட்டும் வண்டி கடந்த நாழிகையைக் குறித்துக்கொள்கிறது. வாலாஜாவைக் கடந்த நேரத்தையும் கிருஷ்ணகிரியைக் கடந்த நேரத்தையும் வைத்து நடுவே என்ன வேகம், எங்கே நிறுத்தம் என்று கணக்கிட ஒரு புலனாய்வாளருக்கு ஐந்து நிமிஷம் போதும். டிரிப் ஷீட்டில் ஓட்டுநர் எழுதியது வேறாக இருந்தால், க்ளைமுக்கு அங்கேயே முட்டுக்கட்டை விழும்.

ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில், பல வருஷங்கள் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டிவிட்டு, இடுப்பு வலி தாங்காமல் இப்போது மலைக்கும் போளூருக்குமாக ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டும் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் வண்டியின் முதலாளி கீழே இருக்கிறார். மலையில் பல இடங்களில் டவர் கிடையாது. சரிவுக்குள் வண்டி இறங்கியதும், முதலாளியின் கைபேசிப் படத்தில் பச்சைப் புள்ளி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பெட்டி தன் நினைவில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து, டவர் எட்டியதும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும். நடுவில் இருக்கும் அந்த அரைமணி நேரத்தில் முதலாளிக்குச் சந்தேகம் வரும். டவர் வந்ததும் முதலில் வருவது அவருடைய போன்தான்.

"வண்டிய நிறுத்திப்போட்டு எங்கய்யா படுத்துட்டேன்னு கேப்பாரு. நான் ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்னா நம்ப மாட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு அந்தப் பொட்டி சொன்னா நம்புவாரு. இருபத்தஞ்சு வருசம் ஓட்டின எம்பேச்சுக்கு இல்லாத மதிப்பு அதுக்கு" என்றார் பெரியவர். சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு சாமி, போன வருசம் ஒரு பைக்குக்காரன் வளைவுல வந்து வண்டியில விட்டான். நான்தான் வேகமா வந்தேன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. பொட்டிதான் இருபதுல வந்தேன்னு சொல்லிச்சு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்ன இரண்டாவது விஷயத்தைப் பெட்டியை வெறுப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஊர் கூடி நிற்கும் இடத்தில் லாரிக்காரன் சொல்லுக்கு எந்தக் காலத்திலும் விலை இருந்ததில்லை. பெரிய வண்டி, சிறிய வண்டி என்றால் பெரிய வண்டியே குற்றவாளி என்பது நம் சாலைகளின் எழுதாத சட்டம். அப்படிப்பட்ட சபையில், யாருக்கும் உறவில்லாத, யாரிடமும் கை நீட்டாத ஒரு ஜடப்பொருள் எழுந்து நின்று அவனுக்காகப் பேசுகிறதென்றால், அதை யந்திரத்தின் கொடுங்கோல் என்று நகர வாசிகள் எழுதும் கட்டுரைகளை அவனிடம் படித்துக் காட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. என் ஐயம் வேறிடத்தில் இருக்கிறது.

நம்மவர்கள் கணக்கெழுதும் வேலையைச் சித்திரகுப்தனிடம் கொடுத்தார்கள். தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தருமராஜனிடம் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக்கோயிலே உண்டு. சித்திரா பௌர்ணமியில் அங்கே கூட்டம் நெரிகிறது. ஏட்டையும் எழுத்தாணியையும் கையில் கொடுத்த நம் முன்னோர், தண்டத்தை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை. எழுதுகிறவன் எவ்வளவு யோக்கியனானாலும், எழுதியதைப் படித்து இன்னாருக்கு இன்னது என்று சொல்ல மற்றொருவன் வேண்டும் என்ற இந்தப் பிரிவினையில் ஏதோ ஆழ்ந்த எண்ணம் இருக்கிறது. சைவ சித்தாந்திகள் அதையே தர்க்க ரீதியாக விரித்தார்கள். மீமாம்ஸகர், வினை தானே தன் பயனைத் தந்துவிடும், நடுவே ஒருவன் எதற்கு என்றனர். சித்தாந்தியோ, வினை சடம். தன்னைச் செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது, எப்போது எந்த அளவில் எந்த விதமாய்ப் போய்ச் சேர வேண்டும் என்றும் தெரியாது. அறிவில்லாத ஒன்று அறிந்து செய்ய வேண்டிய காரியத்தை எப்படிச் செய்யும் என்று மறுத்துக் கேட்டான். பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் பௌத்த நெறியில் நின்று ஆராய்ந்துகொண்டே சைவத்தின் பக்கம் மனம் திரும்பும் இடத்தில் சேக்கிழார் வைக்கும் காரணம் இதுதான்: செய்கிறவன், செய்யும் வினை, அதன் பயன் என்ற மூன்றோடு, பயனைக் கூட்டுவிப்பவன் என்ற நான்காவது பொருளும் வேண்டும், அந்த நான்காவது சைவத்தில் மட்டுமே இருக்கிறது என்று அவர் தெளிந்தாராம்.

இந்த நான்கையும் ஒரு லாரி விபத்தின்மேல் வைத்துப் பார்த்தால், பெட்டி எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பது விளங்கும். அது தருவது இரண்டாவதான வினையின் ஒரு பகுதி: இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இந்த வேகத்தில் என்பது. செய்தவனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னாருடைய அடையாள எண்ணோடு வண்டி ஓடியது என்பதற்கு மேல் அதற்குச் சொல்ல வகையில்லை. பயன், அதாவது செத்தவர் குடும்பத்தில் அடுப்பு எரியாதது, அதன் எல்லைக்கு அப்பாலுள்ளது. கூட்டுவிப்பவனின் ஸ்தானமோ அதற்கு உரியதே அல்ல. எனினும் க்ளைம் என்ற காரியத்தில் பெட்டியின் எழுத்தை எடுத்தவுடன் விசாரணை முடிந்தாற்போல எல்லாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுகிறார்களே, அப்பொழுது நடப்பது என்னவென்றால், இரண்டாவதை நான்காவதன் பீடத்தில் ஏற்றிவிடுவதுதான். வினையே பயன் தரும் என்ற பழைய மீமாம்ஸக் கட்சி, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேறு உடையில் உட்கார்ந்திருக்கிறது.

அளவை இயலிலும் சித்தாந்தம் இதைப் போன்றதொரு நுட்பம் சொல்கிறது. காண்டல், கருதல், உரை என்று பிரமாணங்களை எண்ணிவிட்டு, இவையெல்லாம் கருவிகளே, உண்மையில் பிரமாணமாய் நிற்பது ஆன்மாவின் சிற்சத்தியே என்கிறார்கள் அந்த ஆசாரியர்கள். கண் பார்க்கிறதென்று நாம் சொல்வது உபசாரம். கண்ணைக்கொண்டு ஆன்மா பார்க்கிறது. ஆன்மா வேறெங்கோ இருந்தால் திறந்த கண்ணுக்கு முன்னால் யானை போனாலும் தெரிவதில்லை. நம் சாட்சியச் சட்டமும் தன்னையறியாமல் இதே முடிவுக்கு வந்திருப்பது எனக்கு வியப்பளித்தது. மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் காட்டுவதானால், அந்தக் கருவியின் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு கேட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமமும் 63ஆம் பிரிவில் அதை விடவில்லை. ஜடம் தனியே சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சேதனன் ஏற வேண்டும்.

சித்தாந்த சாஸ்திரத்தின் தலைநூலைத் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர். தமிழ்நாட்டு சமய வரலாற்றிலேயே பிரசித்தமான ஆவண வழக்கு நடந்ததாகப் புராணம் சொல்லும் ஊரும் அதுவே என்பதை யதேச்சையானது என்று தள்ள எனக்கு மனமில்லை. சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் நுழைந்து, உன் பாட்டன் எழுதித் தந்த அடிமை ஓலை என்னிடம் இருக்கிறது என்றார். சுந்தரர் பாய்ந்து பிடுங்கிக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாய் இருக்கிறது என்றார் கிழவர். வெண்ணெய்நல்லூர்ச் சபையார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்று வழிகளில் எதனால் நிரூபிக்கிறீர் என்று கேட்டார்கள், மூல ஓலை வந்தது, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள், ஒத்திருந்தது, அடிமை என்றே தீர்த்தார்கள். நம் காலத்து நிபுணர் ஒருவர் அச்சபையில் இருந்திருந்தால் விசாரணை முறையில் ஒரு குறையும் சொல்லியிருக்க முடியாது. மூலத்தைக் காத்தல், திருத்தப்படாமை, ஒப்பு நோக்கல் எல்லாம் இருந்தன. தீர்ப்பும் சரியான தீர்ப்பே. ஆனால் கூண்டில் வாதியாய் நின்றவர் யார் என்பது சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. உம் வீடு எங்கே என்று கேட்டபோது கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நடந்துபோய் மறைந்த பிறகுதான் சுந்தரருக்கே தெரிந்தது. ஓலை பொய்யில்லை; ஓலை சொல்லாதது அவ்வளவு பெரிதாக இருந்தது.

பெட்டி சொல்லாதது என்ன என்று கேட்டால் களைப்பையும் கட்டாயத்தையும் முதலில் சொல்வேன். அமெரிக்காவில் மின்னணுப் பதிவேடு வந்த பிறகு நடந்ததை ஆராய்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், வேலை நேர விதிமீறல்கள் குறைந்தன, ஆனால் விபத்துகள் அதற்கேற்பக் குறையவில்லை, சிறு கம்பெனிகளின் ஓட்டுநரிடம் அதிவேகம் போன்ற குற்றங்கள் கூடின என்று கண்டார்கள். காரணம் ஊகிக்கக்கூடியது. முன்பு கண்ணைச் சுழற்றினால் சாலையோரம் அரைமணி நேரம் ஒதுங்கிவிட்டு, கணக்கில் அதை எங்காவது சரிக்கட்டியவன், இப்போது பதினான்கு மணி நேரக் கடிகாரம் நிற்காமல் ஓடுகிறதே என்று மிதிக்கிறான். கணக்கு சுத்தமாயிற்று, கணக்குக்கு உட்பட்டவன் கண்ணில் தூக்கம் அப்படியே இருக்கிறது. விதி காப்பாற்ற நினைத்தது உறக்கத்தை. கருவியால் எண்ண முடிந்தது மணியை. எண்ண முடிந்ததையே விதியும் நாளடைவில் தன் லட்சியமாய் எடுத்துக்கொண்டுவிட்டது. அத்வைதிகள் சாட்சியை நிரூபிக்கச் சொல்லும் உதாரணமே உறக்கம் அல்லவா? ஒன்றும் அறியாமல் சுகமாய்த் தூங்கினேன் என்று விழித்தெழுந்தவன் சொல்கிறானே, அந்தச் சுகத்தைக் கண்டிருந்தது யார் என்பது அவர்கள் கேள்வி. அந்தச் சாட்சி எழுதுவதில்லை, கணக்கு வைப்பதில்லை, யாரிடமும் ஒப்பிப்பதுமில்லை.

கட்டாயம் என்ற இரண்டாவதைப் பற்றி நினைக்கையில், இந்த மலையடிவாரத்து நடுகற்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஜவ்வாதுமலையின் தெற்கே செங்கத்துப் பகுதியில் பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் ஏராளம். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டிருக்கிறது. ஆநிரை கவர வந்தவரோடு பொருது மாண்டவன், புலியைக் குத்தி மாண்டவன் என்று வேலையிலே உயிர்விட்டவர்களின் பதிவு அவை. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் என்று காலம் குறிக்கும் அக்கல், பெரும்பாலும் அடுத்தபடி சொல்வது செத்தவன் யாருக்குச் சேவகன் என்பதை. தலைவன் பெயர் சொல்லித்தான் சேவகன் பெயரைச் சொல்கிறது. எடுத்தனூர்க் கல் ஒன்றில், எஜமானன் வீழ்ந்த பின்னும் நின்று கள்வர் இருவரைக் கடித்த நாய்க்கும் உருவமும் கோவிவன் என்ற பெயரும் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்தவனுக்கு, ஒரு சாவில் யார் யாருக்குப் பங்கு என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. இன்றைய பெட்டியில் ஓட்டுநரின் எண் இருக்கிறது, எஞ்சினின் எண் இருக்கிறது. விடியுமுன் மார்க்கெட்டில் சரக்கு இறங்காவிட்டால் பேட்டாவில் பிடித்துவிடுவேன் என்று இரவு பதினொரு மணிக்குப் பேசிய குரலுக்கு அதில் இடமில்லை. ஓட்டுநரை மிரட்டி நேர விதியை மீறச் செய்வது தனிக் குற்றம் என்று அமெரிக்காவில் 2016இல் ஒரு விதி நடப்புக்கு வந்தது. நம்மிடம் அதுவும் இல்லை.

இந்த ஆராய்ச்சி முழுவதும் பெட்டி இருக்கும் வண்டிகளைப் பற்றியது. ஆனால் இதே மலையில் நேர்ந்த மிகக் கொடிய விபத்து ஒன்றில் எந்தப் பெட்டியும் ஆராய்ச்சிக்கு அவசியமாக இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, யுகாதியன்று, ஜவ்வாதுமலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புலியூரைச் சேர்ந்த மலைவாழ் மக்கள் சேம்பரை மலைக்கோயிலுக்கு ஒரு சரக்கு வண்டியின் பின்தட்டில் ஏறிப் புறப்பட்டார்கள். வண்டி சரிவில் பிடி தவறிப் பள்ளத்தில் உருண்டது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள், அவர்களில் பெண்கள் அதிகம். சரக்கு வண்டியில் ஆட்கள் ஏறியது சட்டவிரோதம் என்று மறுநாள் எல்லாரும் சொன்னார்கள். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சரக்கு வண்டியில் ஓட்டுநரும் அவர் ஆளும் போக, சரக்கின் சொந்தக்காரரோ அவர் பிரதிநிதியோ சென்றால்தான் இன்ஷூரன்ஸ் அவரைத் தன் கணக்கில் சேர்க்கும். சும்மா ஏறிக்கொண்டவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்த்தது. சாமி கும்பிடப் போகிறவர் எந்தச் சரக்குக்குச் சொந்தக்காரர்? தட்டில் பூசைச் சாமான் இருந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். நீதிபதி புன்னகை செய்வார்.

இங்கே கணக்கு மிகச் சரியாக இருக்கிறது. அது கொண்டு சேர்க்கும் இடம் சரியாக இல்லை. பஸ் போகாத சாலையில், நடந்தால் பாதி நாள் ஆகும் கோயிலுக்கு, பலா ஏற்றும் வண்டியில் ஏறிப் போகிறவள் தன்னைப் பயணி என்றோ சரக்கு என்றோ வகைப்படுத்திக்கொள்வதில்லை. இதை உணர்ந்தோ என்னவோ, 2004 ஜனவரியில் பல்ஜித் கௌர் வழக்கில் அதே நீதிமன்றம், கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்ற சட்ட நிலையை மாற்றாமலே, முதலில் பாதிக்கப்பட்டவர்க்குத் தொகையைக் கொடுத்துவிடு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிட்டது. பிற்காலத் தீர்ப்புகள் இதில் ஒருபடித்தாக இல்லை. கம்பெனிகளின் வக்கீல்கள் இது தர்மத்துக்குப் பொருந்தினாலும் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று வாதிக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பிரீமியம் வாங்காத ஆபத்துக்கு யாரோ ஒருவர் பணம் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த உத்தரவில் நான் காண்பது சாக்கிய நாயனார் தேடிய நான்காவதன் சாயல். கொடுப்பது முதலிலும் கணக்குத் தீர்ப்பது பின்னாலும் வருகிறது. கணக்கு ரத்தாகவில்லை, வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

அந்த இரண்டாம் கட்டத்தில், கம்பெனிக்கும் முதலாளிக்கும் ஓட்டுநருக்கும் இடையே நடக்கும் வழக்கில், பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். அப்பொழுது டிரிப்யூனலின் முன் ஓட்டுநர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இருப்பதில்லை: வண்டியின் பதிவைக் கொண்டுவருகிறவர்கள், அதே இரவில் முதலாளியின் கைபேசியிலிருந்து அவருக்கு வந்த அழைப்புகளின் பட்டியலையும், அந்த மாதம் பேட்டாவில் பிடித்த தொகையின் சீட்டையும் அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது.